மலை மேல் பாகு, கேக், சாக்லேட்: நீலகிரி அடுப்படியில் இயற்பியல் படிக்க ஒரு முழு வழிகாட்டி

ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 92.5 டிகிரி வாக்கிலேயே தளதளவென்று கொதித்துவிடும். "நீரின் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ்" என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கும் பிள்ளையின் வீட்டில், தினமும் காலையில் டீக்கு வைக்கும் தண்ணீர் வேறு எண்ணில்தான் கொதிக்கிறது. தெர்மாமீட்டரை விட்டுப் பார்க்காததால் யாருக்கும் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கீழ்நாட்டில் எழுதிய கேக் செய்முறை இங்கே நடுவில் குழி விழுவதற்கும், எண்ணைப் பார்த்து இறக்கிய பாகு கல்லாகிப் போவதற்கும் பின்னால் இருப்பது ஒரே விஷயம்: காற்றழுத்தம். மலையில் இருப்பவர்கள் இனிப்பு செய்முறைகளை மனப்பாடம் செய்வதைவிட, தங்கள் வீட்டுக் கொதிநிலையை முதலில் கண்டுபிடிப்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. அந்த ஓர் எண் கையில் இருந்தால் மற்றதில் பெரும்பாலானதைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளோடு பெற்றோரோ ஆசிரியரோ சேர்ந்து செய்யும்படி இதை எழுதியிருக்கிறேன். ஒரே நாளில் முடிக்க வேண்டாம். ஒவ்வொரு படிக்கும் ஒரு விடுமுறை நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை அதிகமில்லை. 200 டிகிரி வரை காட்டும் டிஜிட்டல் சமையல் தெர்மாமீட்டர், கிராம் காட்டும் சின்ன தராசு, அடிகனமான வாணலி, ஓவன், ஒரு நோட்டுப் புத்தகம். பள்ளி ஆய்வகத்துப் பாதரச தெர்மாமீட்டரைச் சமையலறைக்குள் கொண்டுவரவே கூடாது. அது உடைந்தால் பாதரசம் உணவில் கலந்துவிடும். பெரும்பாலும் 110 டிகிரிக்கு மேல் அதில் அளவும் இருக்காது.

முதல் படி: உங்கள் வீட்டுக் கொதிநிலை

தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு டம்ளரில் உடைத்த ஐஸை நிரப்பி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, நன்றாகக் கலக்கி அதில் முனையை வையுங்கள். பூஜ்ஜியம் காட்ட வேண்டும். ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டினால் இனி எல்லா அளவிலும் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, முனை அடியில் படாமல் நடுத்தண்ணீரில் பிடித்து அளவெடுங்கள். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92.5, சுமார் 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூரில் 94-க்கு அருகில், கீழே மேட்டுப்பாளையத்தில் 99 வரும். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது தீயைக் கூட்டச் சொல்லுங்கள். கொதி வேகமாகும், ஆவி அதிகமாகும், எண் மட்டும் நகராது. இதைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

காரணம் எளிது. தண்ணீரின் ஆவியழுத்தம், அதாவது அதிலிருந்து எழும் ஆவி தரும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டும் வெப்பநிலையில்தான் அது கொதிக்கும். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோ பாஸ்கல். ஊட்டியில் சுமார் 77, அதாவது ஏறத்தாழ கால்வாசி குறைவு. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வருவதற்குள் தலையணை மாதிரி உப்பிக்கொள்வதும் இதனால்தான். உறவினர் யாராவது கீழே இருந்தால், ஒரே நேரத்தில் இருவரும் தண்ணீர் வைத்து, போனில் எண்ணைச் சொல்லிக்கொள்ளுங்கள். புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதைவிட இது மனதில் நிற்கும்.

பிரஷர் குக்கரும் இதற்குத் தப்பவில்லை. குக்கர் வெயிட், வெளிக்காற்றைவிட இவ்வளவு அழுத்தம் கூடுதலாக உள்ளே இருக்கட்டும் என்றுதான் பிடித்து வைக்கிறது. கடல் மட்டத்தில் 120 டிகிரியைத் தொடும் குக்கர் ஊட்டியில் 116, 117-ல் நின்றுவிடும். பருப்புக்கு இங்கே இரண்டு விசில் கூடுதலாக வைப்பது இதற்காகத்தான்.

இரண்டாம் படி: பாகு

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பாட்டிமார் செய்யும் பதச் சோதனையும் தெர்மாமீட்டரும் ஒன்றையொன்று சரிபார்க்கும் இடமும் இதுதான்.

தண்ணீரில் சர்க்கரை கரைந்தால் கொதிநிலை உயரும். பாதிக்குப் பாதி சர்க்கரை இருந்தால் தண்ணீரின் கொதிநிலையைவிடச் சுமார் 2 டிகிரி மேலே கொதிக்கும். சர்க்கரை 80 சதவீதமானால் சுமார் 12 டிகிரி மேலே. ஆகவே பாகின் வெப்பநிலை என்பது, அதில் இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதை மறைமுகமாகச் சொல்லும் எண்.

வாணலியை வெறுமையாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் தண்ணீர். கரைந்து கொதி வந்ததும் ஊட்டியில் 94 அல்லது 95 காட்டும். மிதமான தீயில் விட்டுவிட்டு, அவ்வப்போது அடுப்பை அணைத்து, துணியால் பிடித்து வாணலியைத் தராசில் வையுங்கள். தராசின் மேல் மரப்பலகை ஒன்று இருக்கட்டும். அதன் எடையையும் கழித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை எங்கேயும் போவதில்லை, தண்ணீர் மட்டுமே போகிறது. உள்ளே இருப்பது 250 கிராமாகக் குறைந்தபோது சர்க்கரை 80 சதவீதம். திரும்ப அடுப்பில் வைத்துக் கொதி வந்ததும் வெப்பநிலை பார்த்தால் 104, 105 இருக்க வேண்டும். கீழே இதே பாகு 112 காட்டும். எடையை ஓர் அச்சிலும் வெப்பநிலையை இன்னோர் அச்சிலும் வைத்து வரைபடம் போடச் சொல்லுங்கள். முதலில் சோம்பலாக ஏறும் கோடு, தண்ணீர் தீரத் தீர விறுவிறுவென்று மேலே போகும்.

வாணலியையும் உற்றுப் பாருங்கள். ஆரம்பத்தில் குமிழ்கள் பொடிப்பொடியாக, சலசலவென்று உடையும். பாகு கெட்டியாகும்போது குமிழ் பெரிதாகி, பளபளப்பாகி, உடைவதற்கு நேரம் எடுக்கும். சத்தம் தாழ்ந்து 'ப்ளப் ப்ளப்' என்றாகும். கரண்டியிலிருந்து கடைசிச் சொட்டு விழாமல் நூலாக இழுபடும். பாகுத்தன்மை என்று புத்தகத்தில் வருவது கண்ணுக்கும் காதுக்கும் இப்படித்தான் தெரியும்.

ஆறிய ஒரு துளியை இரு விரலுக்கு நடுவே வைத்து இழுத்தால் ஒரு கம்பி நிற்கிறதா, தண்ணீரில் விட்டால் கரையாமல் உருட்ட வருகிறதா, உருட்டியதைத் தட்டில் போட்டால் 'ணங்'கென்று கேட்கிறதா என்று பார்க்கும் பழைய முறைகள், தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்பதை நேரடியாகச் சோதிக்கின்றன. கொதிநிலையை இடையில் இழுக்காததால் மலையானாலும் சமவெளியானாலும் அவை ஒன்றுதான். தெர்மாமீட்டர் எண்ணுக்கு மட்டும் மலையில் திருத்தம் வேண்டும். செய்முறையில் உள்ள பாகு வெப்பநிலையிலிருந்து, உங்கள் வீட்டுக் கொதிநிலை 100-க்கு எவ்வளவு குறைவோ அவ்வளவைக் கழியுங்கள். உருட்டுப் பதத்துக்கு 112 முதல் 116 என்றிருந்தால் ஊட்டியில் 105 முதல் 108. கடலை மிட்டாய்க்கான முற்றிய பதத்துக்கு 150 என்றிருந்தால் 142, 143. இது சர்க்கரைப் பாகுக்கு. வெல்லப் பாகு அடிபிடித்துக் கசக்கும் முன் அவ்வளவு ஏறாது என்பதால், அதிரசத்துக்கும் வெல்லக் கடலை மிட்டாய்க்கும் தண்ணீர்ச் சோதனையையே நம்புங்கள். சோதிக்கும் தண்ணீரை மட்டும் கொஞ்சம் முன்பே பிடித்து வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் குழாய்த் தண்ணீர் ஐஸாக இருக்கும். அதில் விட்ட பாகு, உள்ளதைவிடக் கூடுதலாக இறுகிப் பதம் வந்தது போலக் காட்டிவிடும்.

பாகு தோலில் ஒட்டினால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும், உதறினாலும் போகாது. பிள்ளைகள் தொடுவது எப்போதும் தட்டில் ஆறிய துளியை மட்டுமாக இருக்கட்டும்.

கடலை மிட்டாயில் இருப்பது உப்புக்கல் போன்ற படிகம் கிடையாது. படிகமாக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்காமல் உறைந்த கண்ணாடி நிலை அது. காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜூலை மூடுபனியில் திறந்து வைத்த கடலை மிட்டாய் மாலைக்குள் பிசுபிசுக்கும். வெதுவெதுப்பு போன கையோடு டப்பாவில் அடைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பால்கோவாவும் உள்ளுறை வெப்பமும்

"மலையில் பால் சீக்கிரம் கொதிக்கும், அதனால் கோவாவும் சீக்கிரம் ஆகிவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஒரு லிட்டர் பாலை 20 டிகிரியிலிருந்து 92 வரை சூடாக்கச் சுமார் 280 கிலோ ஜூல் போதும். அதிலிருந்து 700 கிராம் தண்ணீரை ஆவியாக்க, ஒரு கிராமுக்கு 2.27 கிலோ ஜூல் வீதம், கிட்டத்தட்ட 1,590 கிலோ ஜூல் வேண்டும். கொதி வரும்வரை ஆகும் செலவைப்போல் ஐந்தரை மடங்குக்கு மேல். மலையில் மிச்சமாவது சூடாக்கும் பகுதியில் ஏழெட்டு டிகிரிக்கான செலவு மட்டும். கொதித்த பிறகு வேகத்தைத் தீர்மானிப்பது தீயின் அளவுதான். கொதி வர எத்தனை நிமிடம், பிறகு பாதியாக வற்ற எத்தனை நிமிடம் என்று ஒரே தீயில் வைத்துக் குறித்தால், சூட்டைக் கூட்டாமல் நிலையை மாற்றுவதற்கே செலவாகும் உள்ளுறை வெப்பத்தைக் கடிகாரத்திலேயே பார்க்கலாம். அகலமான, அடிகனமான வாணலி எடுங்கள். மெல்லிய பாத்திரத்தில் தீ படும் இடத்திலேயே வெப்பம் குவிந்து பால் பிடித்துக்கொள்ளும்.

நான்காம் படி: கேக்

கேக் உப்புவதற்கு மூன்று வாயுக்கள் காரணம்: அடிக்கும்போது மாவில் சிக்கிய காற்று, பேக்கிங் பவுடரிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு, நீராவி. மூன்றும் மலையில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

கார்பன் டை ஆக்சைடு கணக்கு நேரடியானது. ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் எங்கே போட்டாலும் அதே நிறை வாயுவைத்தான் தரும். அழுத்தம் 101-லிருந்து 77 ஆனால் பாயில் விதிப்படி அதன் பருமன் 1.3 மடங்கு. பேக்கிங் பவுடரைக் குறைக்கச் சொல்வது இதற்காக.

நீராவியின் வேலைதான் ஆளை அசத்துவது. மாவுக்குள் ஒரு சிறு காற்றுக் குமிழை எடுத்துக்கொள்ளுங்கள். மாவு 80 டிகிரியை எட்டும்போது குமிழுக்குள் நீராவியின் அழுத்தம் சுமார் 47 கிலோ பாஸ்கல். இது ஊட்டியிலும் சென்னையிலும் ஒன்றுதான். குமிழின் மொத்த அழுத்தம் வெளி அழுத்தத்துக்குச் சமமாக வேண்டும். சென்னையில் 101-ல் 47 போக மீதி 54-ஐக் காற்று தர வேண்டும். அதற்குக் காற்று 1.87 மடங்கு விரிய வேண்டும். ஊட்டியில் 77-ல் 47 போக மீதி வெறும் 30, காற்று 2.57 மடங்கு விரிந்துவிடும். இதோடு 20 டிகிரியிலிருந்து 80 வரை சூடானதற்கு சார்லஸ் விதிப்படி இன்னொரு 1.2 மடங்கு. பெருக்கினால் சென்னையில் 2.25 மடங்கு உப்பும் குமிழ், ஊட்டியில் 3.1 மடங்கு உப்புகிறது. பேக்கிங் பவுடரே போடாமல் முட்டையை அடித்துச் செய்யும் ஸ்பஞ்ச் கேக் கூட இங்கே பொங்கி அமுங்குவது ஏன் என்பதற்கு இதுதான் விடை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாயு விதிகளில் இதைவிட நல்ல கணக்கு கிடைப்பது அரிது.

குமிழ் அதிகம் உப்பினால் அதன் சுவர் மெலிகிறது. சுவர் இறுகுவதற்கு முன்பே உடைந்தால் நடுவில் குழி. அப்படியென்றால் சுவரைச் சீக்கிரம் இறுக வைக்க வேண்டும். மைதாவின் ஸ்டார்ச் வெறும் தண்ணீரில் 60 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். சர்க்கரை நிறைய இருக்கும் கேக் மாவில் அது 80-க்கு மேல் தள்ளிப் போகும். ஊட்டியில் தண்ணீர் 92.5-ல் கொதிக்கிறது என்பதால் கேக்கின் ஈரமான நடுப்பகுதி அதற்கு மேல் பெரிதாக ஏறாது. இறுகுவதற்கும் கொதிப்பதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுருங்கிப்போகிறது. மலையில் சர்க்கரையைக் குறைப்பது இந்த இடைவெளியை மீட்கத்தான்.

200 கிராம் மைதா, 200 கிராம் சர்க்கரை, 150 கிராம் வெண்ணெய், மூன்று முட்டை, 100 மில்லி பால், ஒன்றரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 175 டிகிரி என்று ஒரு செய்முறை இருந்தால், ஊட்டியில் பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டியாகவும் சர்க்கரையை 175 கிராமாகவும் குறையுங்கள். பாலை 130 மில்லியாக்குங்கள், ஓவனை 185-க்கு ஏற்றுங்கள். முட்டையை நுரை விறைத்து நிற்கும்வரை அடிக்காதீர்கள். நுனி வளைந்து சாயும் பதமே போதும். குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் மாற்றங்களைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். கொடைக்கானல் ஊட்டியை ஒட்டிய உயரம் என்பதால் இதே அளவு அங்கும் சரிப்படும்.

சோதனைக்கு இரண்டு சின்ன டின்கள். ஒன்றில் கீழ்நாட்டு அளவு, ஒன்றில் திருத்திய அளவு. இரண்டையும் பாதி மட்டும் நிரப்புங்கள். வெப்பநிலையின் விளைவும் கலந்து குழப்பாதிருக்க, ஒரே ஓவனில் ஒரே 185-ல் வையுங்கள். கண்ணாடி வழியே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உயரத்தைக் குறியுங்கள். முதல் டின் முந்திக்கொண்டு ஏறி, பிறகு பின்வாங்கும்.

வெளிநாட்டுச் செய்முறைகள் சில, கேக்கின் நடுவில் 98 டிகிரி வந்தால் வெந்துவிட்டது என்று சொல்லும். ஊட்டியில் அந்த எண்ணுக்காகக் காத்திருந்தால் கேக் காய்ந்து வறட்டியாகிவிடும். 92, 93-ல் எண் அப்படியே நிற்கத் தொடங்கி, குச்சி குத்தினால் மாவு ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: வர்க்கி

வர்க்கி என்பது அடுக்கடுக்காக, மொறுமொறுவென்று இருக்கும் பிஸ்கட் மாதிரியான பண்டம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கியை விறகு அடுப்பில் சுட்டு எடுக்கிறார்கள். சூடேறிய செங்கல் தளம் அடியிலிருந்து கடத்தலாகவும், வளைந்த கூரை மேலிருந்து கதிர்வீச்சாகவும், உள்ளே சுழலும் காற்று சலனமாகவும் வெப்பத்தைத் தருகின்றன. வீட்டு ஓவனில் மேல் கம்பி சிவந்து தெரிவது கதிர்வீச்சு, தட்டு தருவது கடத்தல், விசிறி தருவது சலனம்.

வர்க்கியின் அடுக்குகளைப் பிரிப்பது நீராவி. மாவுக்கு நடுவே தடவி மடித்த கொழுப்பு, அடுக்குகள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. மாவின் ஈரம் ஆவியாகித் தப்ப வழியில்லாமல் அடுக்கைத் தூக்குகிறது. ஒரு கிராம் தண்ணீர் கடல் மட்டத்தில் 1.67 லிட்டர் ஆவியாக விரியும். ஊட்டியில் இரண்டு லிட்டருக்கும் மேல். கேக்குக்குத் தொல்லையாக இருந்த அதே குறைந்த அழுத்தம் இங்கே உதவி செய்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். வீட்டில் வர்க்கி முழுதாகச் செய்வது பெரிய வேலை. கடையில் வாங்கிய ஒன்றைப் பிளந்து, எந்த அடுக்கு எங்கே பிரிந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

ஆறாம் படி: சாக்லேட்

கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்தது; உருகுநிலை அப்படி மாறுவதில்லை. கோகோ வெண்ணெய் ஊட்டியிலும் தூத்துக்குடியிலும் ஒரே வெப்பநிலையில்தான் உருகும். அதனால் சாக்லேட்டுக்கு மலைத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

ஆனால் கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. நமக்கு வேண்டியது ஐந்தாவது வகை. சுமார் 34 டிகிரியில் உருகும், பளபளப்பாக இருக்கும், உடைத்தால் 'டக்'கென்று முறியும். வாயின் சூடு 37 என்பதால் நாக்கில் கரையும்; கரையும்போது உள்ளுறை வெப்பத்தை வாயிலிருந்து எடுத்துக்கொள்வதால் லேசாகக் குளிரும். மற்ற வகைகள் மந்தமாக, மெழுகாக இருக்கும்.

கறுப்பு சாக்லேட் வாங்குங்கள். பொருள் பட்டியலில் கோகோ வெண்ணெய் இருக்க வேண்டும். அதற்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் வகையில் இந்தச் சோதனை நடக்காது. வெந்நீருக்கு மேல் வைத்த கிண்ணத்தில் 45 முதல் 50 டிகிரி வரை உருக்குங்கள். இதில் எல்லாப் படிகங்களும் அழிந்துவிடும். கிளறிக்கொண்டே 27-க்குக் கொண்டுவாருங்கள். இப்போது நல்ல படிகமும் வேண்டாத படிகமும் சேர்ந்து பிறக்கும். திரும்ப 31, 32-க்கு மெல்ல ஏற்றினால் வேண்டாதவை உருகிவிடும், ஐந்தாவது வகை மட்டும் விதையாக நிற்கும். உடனே அச்சில் ஊற்றுங்கள். கத்தி நுனியில் கொஞ்சம் தொட்டு வைத்தால் சில நிமிடங்களில் மங்கல் இல்லாமல் உறைய வேண்டும்.

இங்கே ஊட்டிக்காரர்களுக்குக் கிடைத்திருக்கும் வசதி, 15 முதல் 20 டிகிரியில் நிற்கும் அறைக்காற்று. கீழே இதற்கு ஏசி அறை வேண்டும். ஆனால் ஈரத்தில் கவனம். கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சர்க்கரைத் துகள்கள் ஒட்டிக்கொண்டு சாக்லேட் மொத்தமும் இறுகிக் கட்டியாகிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாத்திரத்தை மூடுபனி நாளில் நேராகப் பயன்படுத்தாதீர்கள். பனிநிலைக்கு, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே குளிர்ந்திருக்கும் அதன் மேல் ஈரம் படிந்துவிடும்.

செய்த சாக்லேட்டைக் கோவைக்கோ மதுரைக்கோ கொண்டுபோவதாக இருந்தால், காருக்குள் 34 டிகிரியைத் தாண்டினால் உழைத்ததெல்லாம் போச்சு. உருகி, தன்போக்கில் உறைந்து, மேலே வெள்ளை வெள்ளையாகக் கொழுப்புப் பூக்கும். தின்னலாம், கெட்டுப்போனது கிடையாது; படிகம்தான் மாறியிருக்கிறது. இரவே சாக்லேட்டைக் குளிர்ந்த அறையில் வைத்து, காலையில் தெர்மோகோல் பெட்டியில் இடைவெளி இல்லாமல் அடுக்கி, மூடியின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். கீழே போய்ச் சேர்ந்ததும் பெட்டியை உடனே திறக்காதீர்கள். சில மணி நேரம் அப்படியே விட்டு, உள்ளே இருப்பது அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் மேலே ஈரம் படியாது. அந்த அறையும் 30 டிகிரிக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.